டவர் மேல் பழி போடும் முன்



சென்ற மாதம் எங்கள் தோட்டக் கமிட்டிக்கு ஒரு மனு வந்தது. மேட்டு லயத்துக்கு மேலே நிற்கும் போன் டவரைக் கழற்ற வேண்டும், அது வந்த பிறகுதான் நம் பொடியன்மாருக்குப் பிள்ளை தங்குவதில்லை என்று எழுதியிருந்தார்கள். நான் கையெழுத்து வைக்கவில்லை. பலருக்குக் கோபம். ஏன் என்று சொல்கிறேன்.

டவரின் அலை தூரம் போகப் போக வெகுவாகக் குறைந்துவிடும். நம் உடம்பில் அதிகம் படுவது நம் கையிலும் காற்சட்டைப் பையிலும் இருக்கும் போனின் அலைதான். கவரேஜ் குறைந்த பள்ளத்து லயத்தில் பேசினால் போன் இன்னும் பலமாக அலை வீசித்தான் டவரைப் பிடிக்கிறது. டவரைக் கழற்றினால் நமக்குப் படுவது குறையாது, கூடும்.

சுவிட்சர்லாந்தில் 2,886 இளைஞர்களைச் சோதித்து 2023இல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு நாளைக்கு 20 தடவைக்கு மேல் போன் பாவித்தவர்களுக்கு விந்தணுச் செறிவு குறைவாக இருந்தது. ஆனால் போனைக் காற்சட்டைப் பையில் வைத்தவர்களுக்கும் வேறிடத்தில் வைத்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே அலைதான் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. போனைக் காற்சட்டையில் வைக்காமல் உமலிலோ தோள்பையிலோ போட்டுக்கொள்ளுங்கள், நட்டமில்லை. புகையையும் சாராயத்தையும் குறைத்தால் அதைவிடப் பலன் உண்டு.

எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எனக்கும் கல்யாணமாகி நான்கு வருடம் பிள்ளை இல்லை. மூன்று வருடம் மனைவியை மட்டும் கிளினிக்குக்கும் கோயிலுக்கும் அனுப்பினேன். லயத்தில் அவளுக்கு விழுந்த பேச்சு எனக்கு ஒரு நாளும் விழவில்லை. பிறகு நானும் சோதித்தேன். ஒரு சின்னப் போத்தலில் கொடுப்பதுதான் வேலை. குறை என் பக்கம்தான் இருந்தது. இப்போது வைத்தியம் எடுக்கிறேன். பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. ஒரு வருடம் பார்த்தும் தங்கவில்லையென்றால் இருவரும் சேர்ந்தே போங்கள்.

நாம் பயப்பட வேண்டியது வேறொன்று. 1977இல் கலிபோர்னியாவில் ஒரு பூச்சிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள், தங்களில் பலருக்குப் பிள்ளை இல்லையே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். சங்கத்தின் மூலம் சோதனை கேட்டார்கள். டிபிசிபி என்ற மருந்து அவர்களின் விந்தணுவை அழித்திருந்தது. 1979இல் அமெரிக்காவில் அதன் பாவனை பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான ஆண்கள் மலடாகிவிட்டார்கள். அவர்களும் நம்மைப் போல் தோட்டத் தொழிலாளர்களே.

நம் ஆட்கள் களைக்கு அடிப்பது அந்த மருந்தல்ல. ஆனாலும் கையுறை இல்லாமல், முதுகில் தாங்கி ஒழுக ஒழுக அடித்துவிட்டு, அதே உடுப்போடு வந்து பிள்ளையைத் தூக்குகிறார்கள். கேட்க வேண்டிய இடம் இதுதான்.

அந்த மனுவை மாற்றி எழுதியிருக்கிறேன். மருந்தடிப்பவர்களுக்குக் கையுறை, முகமூடி, சப்பாத்து, ஒழுகாத தாங்கி, வேலை முடிந்து குளிக்கத் தண்ணீரும் சவர்க்காரமும், அன்றன்று கலக்கும் மருந்தின் பெயரைப் பிரட்டில் சொல்வது. அடுத்த கமிட்டியன்று கொண்டுவருகிறேன். கையெழுத்தை அதில் வையுங்கள்.