வாழையும் முருங்கையும்

வீட்டின் பின்புறத்தே சிறிது நிலம் உடையோர் அதனை வெற்றிடமாக விட்டுவைத்தல் தமிழர் வழக்கம் அன்று. கிணற்றடியில் ஒரு வாழையும் வேலியோரத்தில் ஒரு முருங்கையும் நிற்பது சிற்றூர்களில் பலகாலும் காணப்படும் காட்சியாகும். இக்காலத்திலோ வீட்டுமனைகள் சுருங்கிவிட்டன. இரண்டிற்கும் இடமில்லாத வீடுகள் பல. இடமிருந்தும் கோடையில் நீர் போதாத வீடுகள் அவற்றினும் பல. ஆதலின், இவ்விரண்டனுள் எதனை வளர்ப்பது நன்று என்னும் வினா எழுகின்றது. வழக்கத்தை மட்டும் கொண்டு இதற்கு விடை கூறுதல் பொருந்தாது. ஒவ்வொன்றும் மனிதனிடம் கேட்பது யாது, அவனுக்குக் கொடுப்பது யாது என்று ஆராய்ந்தே விடை காணுதல் வேண்டும்.

புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் மரபியலில் வகுத்தார். வாழைக்குப் புறத்திலும் வயிரம் இல்லை, அகத்திலும் இல்லை. அதனை மரம் என்று உலகம் வழங்கினும், அடிமரம்போலத் தோன்றுவது ஒன்றையொன்று பொதிந்து நிற்கும் மட்டைகளின் தொகுதியே. அதன் மெய்யான தண்டு மண்ணினுள் கிழங்காய் மறைந்திருக்கின்றது. குலை தள்ளும் பருவத்தில் அக்கிழங்கினின்று பூந்தண்டு எழுந்து, மட்டைகளின் நடுவே உயர்ந்து வெளிப்படுகின்றது. கறிக்கு ஆகும் வாழைத்தண்டு இதுவே. முருங்கை மரவகையைச் சேர்ந்ததாயினும் வலிமையற்றது. சிறுவன் ஒருவன் ஏறினும் அதன் கிளை முறிந்துவிடும். இவ்வாறு மென்மையில் ஒத்த இவ்விரண்டும் பிறவற்றில் பெரிதும் வேறுபடுகின்றன.

முதலாவது வேறுபாடு நீரைப் பற்றியது. வாழை செழித்து வளர்வதற்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1800 மில்லிமீட்டர் மழைக்கு ஒப்பான நீர் வேண்டும். தமிழ்நாட்டில் பெய்யும் சராசரி மழையோ அதில் ஏறத்தாழப் பாதியே. எஞ்சியதை ஆறும் வாய்க்காலும் கிணறும் அளித்தல் வேண்டும். வாழையின் வேர்கள் ஆழச் செல்லாமல் மேல்மண்ணிலேயே பரவுவன. ஆதலின், மேல்மண் உலர்ந்தவுடன் அது வாடத் தொடங்கும். நீர் தேங்கினாலும் அதன் வேர் அழுகும். தொழுவுரமும் சாம்பலும் நிறைய இடுதல் வேண்டும். குலை தள்ளியபின் காற்றில் சாயாதவாறு முட்டுக் கொடுத்தலும் வேண்டும். 2018-ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய கஜா புயலில் காவிரிப் படுகையின் வாழைத் தோட்டங்கள் பல சாய்ந்து அழிந்தன.

முருங்கை இத்துணை பேணுதலை வேண்டுவதன்று. மணற்பாங்கான நிலத்திலும் சரளை கலந்த செம்மண்ணிலும் அது வளரும். விதையினின்று முளைத்த முருங்கையின் ஆணிவேர் கிழங்குபோலப் பருத்து ஆழத்தில் இறங்குவதால், வறட்சியைப் பொறுத்து நிற்கும் ஆற்றல் அதற்கு உண்டு. கன்றாய் இருக்கும் சில திங்கள் நீர் ஊற்றினால் போதும். பின்னர்த் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். காற்றில் கிளை முறிந்தாலும், அடிக்கட்டையினின்று மீண்டும் தழைக்கும். ஓடித்து வளர்க்கப்படுவதே அதற்கு நன்மை என்பதை, “முருங்கையை ஒடித்து வளர்” என்னும் பழமொழி காட்டுகின்றது. அதற்குப் பகை நீர்தேக்கம் ஒன்று. மழைக்காலத்தில் அடிமரத்தை மொய்க்கும் கம்பளிப்பூச்சி மற்றொன்று.

இனி, அவை அளிக்கும் பயனை நோக்குவோம். வாழையில் பயன்படாத உறுப்பே இல்லை எனலாம். இலை உண்கலம் ஆகின்றது. பூவும் காயும் தண்டும் கறியாகின்றன. கனி குழந்தை முதல் முதியோர் வரை யாவர்க்கும் ஏற்றது. நார் பூத்தொடுக்க உதவுகின்றது. திருமணப் பந்தலின் வாயிலில் நிற்கும் பெருமையும் அதற்கு உரியது. எனினும், ஒரு வாழை ஒரு முறையே குலை ஈனும். ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, பயன் தந்து, தன் கன்றை விட்டு மறையும். “வாழையடி வாழை” என்று வாழ்த்துவது இது பற்றியே.

முருங்கையின் இலையும் பூவும் காயும் உணவாகின்றன. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் 1989-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட பி.கே.எம்.1 என்னும் செடிமுருங்கை, விதைத்த ஆறு திங்களிலேயே காய்க்கத் தொடங்குவது. முருங்கை விதையின் பொடியைக் கொண்டு கலங்கல் நீரைத் தெளியவைக்கும் வழக்கம் சூடான் நாட்டுச் சிற்றூர்களில் உண்டு. இவை அனைத்தினும் சிறந்தது அதன் கீரை. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும், கண்ணிற்கு உரம் தரும் ஏ உயிர்ச்சத்தாக உடலில் மாறும் பொருளும் அதில் மிகுதியாக உள்ளன.

இவ்வளவு பயன் உடைய முருங்கையைச் சிலர் வீட்டருகே நட அஞ்சுகின்றனர். வேதாளம் முருங்கையில் ஏறிய கதையைக் கேட்டு, அதில் பேய் உறையும் என்பர். “முருங்கை நட்டவன் வெறுங்கையோடு போவான்” என்னும் பழமொழியையும் காட்டுவர். முதுமையிலும் ஊன்றுகோல் இன்றி நடப்பான் என்று அதற்கு நற்பொருள் கொள்வாரும் உளர். கிளை முறியும் என்பதும் கம்பளிப்பூச்சி ஊறும் என்பதும் மெய்யான குறைகளே. வாயிலுக்கு அருகே நடாமல் வேலியோரத்தில் நட்டால் அவை தீர்ந்துவிடும். பேய்க்கு அஞ்சிக் கீரையை இழத்தல் அறிவுடைமை ஆகாது.

இஃது ஒரு செடியின் பெருமையைப் பற்றிய பேச்சு மட்டும் அன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு திங்கள் முதல் ஐந்து ஆண்டுவரையுள்ள குழந்தைகளுள் நூற்றுவரில் 57 பேர் இரத்தச் சோகை உடையவர். முருங்கைக்கீரை ஒன்றே இக்குறையைத் தீர்த்துவிடும் என்று கூறுதல் மிகை. கீரையிலுள்ள இரும்புச் சத்து முழுவதையும் உடல் ஏற்பதில்லை. எலுமிச்சை, நெல்லி போன்றவற்றோடு உண்டால் ஏற்பது மிகும். மருத்துவமும் பிற உணவும் உடன் வேண்டும். ஆயினும், கைக்கெட்டும் கிளையில் இருக்கும் சத்துணவை அக்குழந்தைகளுக்கு ஊட்டாது விடுதற்குக் காரணம் ஏதும் இல்லை.

கனியின்றிக் கீரை மட்டும் போதுமோ என வினவுவார் உளராயின், அவர்க்கும் விடை உண்டு. வாழைப்பழம் கடைதோறும் தொங்குகின்றது. சில நாள் வைத்திருந்தும் உண்ணலாம். முருங்கைக்கீரையோ பறித்த சிறிது பொழுதில் வாடி உதிர்வது. வீட்டில் மரம் உள்ளவரே அதனைப் புதிதாய், வேண்டும்போதெல்லாம், விலையின்றிப் பெறுவர்.

ஆதலின், வாய்க்கால் ஓடும் ஊரில் உள்ளோரும், குளித்த நீர் ஊறிச் செல்லும் கொல்லை உடையோரும் வாழையை வைத்துப் போற்றுக. இடம் உள்ளோர் இரண்டையும் வளர்க்க. ஒன்றற்கே இடமும் குடத்தளவே நீரும் உடையோர் முருங்கையை நடுதலே தக்கது. குழந்தைகள் உள்ள வீட்டிற்கு இஃது இன்னும் பொருந்தும். ஒரு வீட்டு முருங்கை அவ்வீட்டோடு நிற்பதும் இல்லை. ஒரு பிடி கீரை கேட்டு வரும் அண்டை வீட்டாரை இல்லையென்று அனுப்புவார் நம் ஊர்களில் அரியர். கீரை ஒடிக்க ஒடிக்க மரம் தழைக்குமேயன்றிக் குறைவதில்லை.