'வித்' என்னும் சிறுசொல்லும் நம் மூன்றாம் வேற்றுமையும்

(மூன்றாமாண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

ஆங்கிலத்தில் நம்மை அலைக்கழிப்பவை நெடுஞ்சொற்கள் அல்ல. அவை எவ்வளவு நீளமாக இருந்தாலும் அகராதியைப் புரட்டினால் அடங்கிவிடும். அடங்க மறுப்பவை இரண்டெழுத்திலும் நான்கெழுத்திலும் ஆன சின்னஞ்சிறு முன்னிடைச் சொற்களே. 'இன்', 'ஆன்', 'பை', 'வித்' என்று வரிக்கு வரி வந்து நிற்கும் இவற்றை அகராதியில் தேடினால் ஒன்றுக்கு இருபது பொருள் போட்டிருக்கும். எதை எடுப்பது, எதை விடுப்பது?

இவற்றுள் 'வித்' என்ற ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நாம் அதைக் கற்றுக்கொள்ளும் முறை எல்லோரும் அறிந்ததே. தேர்வுக்கு முந்தைய வாரம் கடைத்தெருவில் ஒரு கைடு வாங்குகிறோம். 'ஆங்ரி வித்', 'ஃபில்ட் வித்', 'கவர்ட் வித்' என்று அடுக்கிய பட்டியலைத் திண்ணையில் உட்கார்ந்து உருப்போடுகிறோம். கோடிட்ட இடத்தை நிரப்புகிறோம். தேர்வு முடிந்த மறுநாள் அந்தப் பட்டியலும் மறந்து போகிறது. போட்டித் தேர்வுக்கு இன்னொரு கைடு. மீண்டும் அதே பட்டியல்.

என் கருத்து இதுதான்: 'வித்' என்ற சொல்லை நமக்குக் கற்றுத்தரத் தகுந்த ஆசிரியர் பவணந்தி முனிவர். ஆங்கிலத் துறைப் பேராசிரியப் பெருமக்கள் இதைப் படித்துப் புன்னகைக்கலாம். தமிழ்த் துறையினரும் கூடப் புன்னகைக்கலாம். இருசாராரும் சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த நன்னூல் மூன்றாம் வேற்றுமைக்கு ஆல், ஆன், ஒடு, ஓடு என்னும் உருபுகளைச் சொல்கிறது. அதன் பொருள் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என மூன்று என்கிறது. பள்ளியில் இதை நாம் எல்லோரும் ஒப்பித்திருக்கிறோம். "கத்தியால் பழத்தை நறுக்கினாள்" என்றால் கருவி. "தம்பியோடு வந்தாள்" என்றால் உடனிகழ்ச்சி. இனி இவ்விரண்டையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். 'வித் எ நைஃப்', 'வித் ஹெர் பிரதர்'. தமிழில் உருபுகள் இரண்டு. ஆங்கிலத்தில் சொல் ஒன்று. ஆனால் நம் இலக்கணிகள் அந்த இரண்டையும் ஒரே வேற்றுமைக்குள் அல்லவா வைத்தார்கள்! தொல்காப்பியர் ஒருபடி மேலே போய், மூன்றாம் வேற்றுமைக்கே 'ஒடு' என்று பெயரிட்டு, வினைமுதலையும் கருவியையும் அதன் பொருளாகச் சொன்னார். உடன் வருவதற்கும் கருவியாவதற்கும் ஏதோ உறவு இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. கத்தியும் கையோடு சேர்ந்துதானே வேலை செய்கிறது?

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1856-ஆம் ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் அவர்கள், 'ஆல்' வேறு, 'ஓடு' வேறு. இரண்டையும் ஒரே வேற்றுமையில் அடக்கியது வடமொழியைப் பின்பற்றிய செயல் என்று கருதினார். உருபை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது நியாயமே. ஆனால் அவர் நூல் எழுதிய ஆங்கிலமே அந்த இரண்டு பொருளையும் 'வித்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போட்டு வைத்திருக்கிறது. ஜெர்மானிய மொழியின் 'மிட்', பிரெஞ்சு மொழியின் 'அவெக்' ஆகியவையும் அப்படியே. ஆகவே இது வடமொழிக்கு மட்டும் உரிய பழக்கமன்று.

சரி, நன்னூலார் நமக்கு எங்கே கை கொடுக்கிறார்? நாம் அதிகம் இடறுவது 'வித்'துக்கும் 'பை'க்கும் இடையில்தான். காரணம் வெளிப்படை. இரண்டும் நமக்கு 'ஆல்'. "காவலரால் கைது செய்யப்பட்டான்", "கயிற்றால் கட்டப்பட்டான்" என்று நாம் வேறுபாடின்றிச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் முன்னது 'பை', பின்னது 'வித்'. எப்படி அறிவது? மனத்துக்குள் ஒரே ஒரு வினாவை எழுப்பினால் போதும்: இந்த 'ஆல்' கருத்தாவா, கருவியா? காவலர் கருத்தா, ஆகவே 'பை'. கயிறு கருவி, ஆகவே 'வித்'. கதவு காற்றால் திறந்தது என்றால் காற்றே செய்தது, 'பை த விண்ட்'. சாவியால் திறந்தது என்றால் சாவிக்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது, 'வித் எ கீ'.

எங்கள் துறையில் முன்பு படித்த அண்ணன் ஒருவர் ஒரு நிறுவனத்தின் நேர்முகத்துக்குப் போயிருந்தார். ஆய்வகத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது, கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியால் அளந்ததைச் சொன்னார். 'வித் எ ஸ்க்ரூ கேஜ்' என்று வர வேண்டிய இடத்தில் 'பை ஸ்க்ரூ கேஜ்' என்று வந்துவிட்டது. எதிரே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம். அந்த விட்டத்தை அவர் நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை சரியாக அளக்கக் கூடியவர். அதை யாரும் கேட்கவில்லை. வீட்டின் முதல் பட்டதாரி அவர், வேலையும் கிடைக்கவில்லை. சிரித்தவர்களுக்கு நன்னூல் தெரியாது என்பதில் எனக்கு ஐயமில்லை. அவருக்குத் தெரியும். தெரிந்ததை அந்த இடத்தில் எடுத்துப் பயன்படுத்தலாம் என்றுதான் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இந்த வேறுபாடு நாகரிகத்துக்காக மட்டும் உள்ளதன்று. 'ஹி வாஸ் ஹிட் பை எ ஸ்டோன்' என்றால் எங்கிருந்தோ வந்த கல் அவன் மேல் பட்டது. மலைச்சரிவில் தானாக உருண்டு வந்ததாகவும் இருக்கலாம். 'வித் எ ஸ்டோன்' என்றால் யாரோ ஒருவர் கல்லை எடுத்து அவனை அடித்தார். "கல்லால் அடிபட்டான்" என்ற தமிழ்த் தொடரில் இது தெளிவாகத் தெரிவதில்லை. ஒரு புகார் மனுவையோ மருத்துவச் சான்றையோ ஆங்கிலத்தில் எழுதும்போது, விபத்தா குற்றமா என்பதை அந்தச் சிறுசொல்லே காட்டிக் கொடுத்துவிடும். நாளை நம்மில் பலர் வழக்கறிஞர்களாகவும் காவல் துறையினராகவும் அலுவலக எழுத்தர்களாகவும் ஆகப் போகிறவர்கள். எண்ணிப் பாருங்கள்.

கருவியையும் நம்மவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். முதற்கருவி, துணைக்கருவி. குடத்துக்கு மண் முதற்கருவி. சக்கரமும் கோலும் துணைக்கருவி. மண் குடமாகவே மாறிவிடுகிறது. சக்கரமோ வேலை முடிந்ததும் தனியே நின்றுவிடுகிறது. ஆங்கிலமும் இதே கோட்டில் பிரிகிறது. சக்கரத்துக்கு 'வித்'. மண்ணுக்கு 'மேட் ஆஃப் கிளே'. பொருள் அடியோடு மாறிவிட்டால் 'ஃப்ரம்'. திராட்சையிலிருந்து மது என்பது போல. சமையலில் மட்டும் ஒரு விலக்கு உண்டு. பலவற்றோடு சேர்ந்து கலக்கும் ஒரு பொருளைச் சொல்லும்போது 'மேட் வித் எக்ஸ்' என்பார்கள். முட்டை தனியே கேக் ஆகிவிடுவதில்லை. மாவோடும் சர்க்கரையோடும் உடனிகழ்கிறது என்று வைத்துக்கொண்டால் அதுவும் நம் வழிக்கே வந்துவிடுகிறது!

உடனிகழ்ச்சிக்கு வருவோம். 'த டாக் வித் இட்ஸ் பப்பீஸ்' என்று எழுவாய் தொடங்கினால் வினை ஒருமையா, பன்மையா? தேர்வில் தவறாமல் வரும் கேள்வி இது. 'ஹேவ்' போடலாமா, 'ஹேஸ்' போடலாமா என்று நகத்தைக் கடிக்கிறோம். தமிழில் சொல்லிப் பாருங்கள். "நாய் குட்டிகளோடு வந்தது." "வந்தன" என்று யாராவது சொல்வோமா? 'ஓடு' ஏற்ற சொல் எழுவாய் ஆகாது. ஆங்கிலத்திலும் 'வித்'துக்குப் பின் நிற்பது எழுவாயில் சேராது. ஆகவே 'ஹேஸ்'. பாட்டி பேசும் பேச்சிலேயே விடை இருக்கிறது.

தொல்காப்பியர் இங்கே இன்னொரு விதியும் வைத்தார். இருவர் சேர்ந்து வரும்போது 'ஒடு' உயர்ந்தவர் பெயரை ஒட்டியே வர வேண்டும் என்பது அது. அதன்படி "முதல்வரோடு மாணவர் வந்தனர்" என்பதே முறை. "முதல்வர் மாணவரோடு வந்தார்" என்பது வழு. இன்று இதை யாரும் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தின் 'வித்'துக்கு இந்த உயர்வு தாழ்வே கிடையாது. அமைச்சர் ஓட்டுநரோடு வரலாம். ஓட்டுநரும் அமைச்சரோடு வரலாம். அந்த விதியை நாம் கைவிட்டது எனக்கு வருத்தமாக இல்லை.

சண்டையிலும் இரு மொழிகளும் ஒன்றுபடுவதைக் காணலாம். "அவனோடு சண்டை போட்டேன்" என்றால் அவனுக்கு எதிராக. 'ஃபாட் வித்' என்பதும் அப்படியே. ஆனால் 1939-இல் தொடங்கிய போரில் பிரிட்டன் ஜெர்மனியோடும் போரிட்டது, பிரான்சோடும் போரிட்டது என்றால் குழப்பந்தானே? முன்னது பகை, பின்னது துணை. தமிழில் 'சேர்ந்து' என்ற சொல்லைப் போட்டு நாம் தப்பித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'வித்' என்பதற்கு 'எதிராக' என்பதே முதன்மைப் பொருள். 'உடன்' என்பதற்கு 'மிட்' என்ற வேறு சொல் இருந்தது. காலப்போக்கில் 'வித்' அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 'மிட்' இன்று மருத்துவச்சியைக் குறிக்கும் 'மிட்வைஃப்' என்ற சொல்லில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெண்ணுடன் இருப்பவள் என்பது அதன் பொருள். பழைய 'வித்'தும் முற்றிலும் மாய்ந்துவிடவில்லை. எதிர்த்து நிற்பது 'வித்ஸ்டாண்ட்'. கொடுக்காமல் பிடித்து வைப்பது 'வித்ஹோல்ட்'. இந்தச் சொற்களில் ஏன் 'வித்' வந்தது என்று விழித்தவர்களுக்கு விடை இதுவே.

தமிழ் எல்லா இடத்திலும் நம்மைக் காப்பாற்றும் என்று நான் சொல்ல வரவில்லை. கவிழ்த்துவிடும் இடங்களும் உண்டு. நாம் ஒருவர் மீது கோபப்படுகிறோம். உடனே 'ஆங்ரி ஆன் ஹிம்' என்று எழுதிவிடுகிறோம். அங்கே 'வித்' வேண்டும். ஒருவருடன் திருமணம் நடக்கிறது. 'மேரீட் வித்' என்கிறோம். அங்கே 'டு' வேண்டும். "எனக்கு இரண்டு தங்கைகள்" என்பதற்கு 'ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ் வித் மீ' என்றால், தங்கைகள் இருவரும் இப்போது பக்கத்தில் நிற்கிறார்கள் என்று பொருளாகும். கையில் உள்ள பேனாவுக்கு 'வித் மீ' சரி. உறவுக்கும் நிலபுலனுக்கும் அது வேண்டாம். 'கோப்' என்பதோடு நாம் விடாமல் சேர்க்கும் 'அப்' எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை; 'கோப் வித்' என்றாலே போதும். இத்தகையவற்றை உருப்போடத்தான் வேண்டும். ஆனால் உருப்போட வேண்டியவை பத்தோ பதினைந்தோதான். மற்றவற்றை நாம் ஏற்கெனவே அறிந்திருக்கிறோம்.

"ஆங்கிலம் கற்க ஆங்கிலத்திலேயே சிந்திக்க வேண்டும், மொழிபெயர்க்கக் கூடாது" என்பார்கள் சிலர். வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் ஒலிக்கும் பிள்ளைகளுக்கு அது பொருந்தலாம். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ்வழியில் படித்து, பேருந்து பிடித்து இக்கல்லூரிக்கு வரும் நமக்கு அது நடக்கிற காரியமா? நாம் எப்படியும் மொழிபெயர்க்கத்தான் போகிறோம். உருபைப் பார்த்து மொழிபெயர்த்தால் தவறு வரும். உருபின் பொருளைப் பார்த்து மொழிபெயர்த்தால் வராது. இன்று கைப்பேசியே மொழிபெயர்த்துத் தருகிறதே என்பார்கள் வேறு சிலர். தேர்வு அறைக்குள் அதற்கு இடமில்லை; நேர்முகத்தில் நம் வாய்தான் பேச வேண்டும்.

பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம் என்று நம் பாடத்திட்டம் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறது. ஒரு மணி நேரம் வேற்றுமை. மணியடித்ததும் அடுத்த மணி நேரம் முன்னிடைச்சொல். நடத்துபவர்களும் ஒரே தாழ்வாரத்தில் எதிரெதிர் அறைகளில் இருப்பவர்கள். முதலாமாண்டு மாணவர்களுக்குப் பருவத்துக்கு நான்கு வகுப்புகளாவது இரு துறைகளும் சேர்ந்து எடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். தமிழாசிரியர் கரும்பலகையின் ஒரு பாதியில் எழுதட்டும். ஆங்கில ஆசிரியர் மறு பாதியில் எழுதட்டும். இதற்குத் தனி நிதியோ அரசாணையோ தேவையில்லை. முதல் வகுப்புக்கு 'ஆல்', 'ஓடு' போதும். இரண்டாம் வகுப்புக்கு நான்காம் வேற்றுமையின் 'கு'வை எடுத்துக்கொள்ளலாம். 'டு', 'ஃபார்' இரண்டும் அதற்குள் சிக்கிக் கிடக்கின்றன.