ஒன்பதால் ஒரு சோதனை

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு 'ப்ரெவ் பார் நெஃப்' மறந்திருக்காது. பெருக்கல் கணக்கை முடித்ததும் பக்கத்தில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, விடையை ஒன்பதால் சோதிக்க வேண்டும். 23-ஐ 14-ஆல் பெருக்கினால் 322. 23-இன் இலக்கங்களைக் கூட்டினால் 5, 14-க்கும் 5. ஐயைந்து 25, 2-உம் 5-உம் 7. 322-க்கும் கூட்டினால் 7. சரி.

விடையை 232 என்று மாற்றி எழுதினாலும் 7 தான் வரும். ஆகவே சோதனை ஒத்துப்போவதால் மட்டும் கணக்கு சரி என்றாகாது. ஒத்துவராவிட்டாலோ எங்கோ தப்பு இருப்பது நிச்சயம். அப்போது கணக்கைத் திரும்பப் பார்க்கச் சொல்வார்களே தவிர, ஒத்துவரும் வரை சோதனையையே போட்டுக்கொண்டிரு என்று யாரும் சொன்னதில்லை.

போன மாதம் இது நினைவுக்கு வரக் காரணம் என் பேரன். மென்பொருள் கம்பெனியில் வேலை. லீவுக்கு வந்தவன் மடிக்கணினியோடுதான் வந்தான். அவன் எழுதுவது கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் வேலை செய்யும் ஒரு நிரல். கணக்குக் கோப்பைக் கொடுத்தால் தேதி போட்டு பில் தயாரிக்கும். அதைக் கட்டளை முதல் பில் வரை முழுதாக ஓட்டிப் பார்ப்பதற்கு 'எண்ட் டு எண்ட் டெஸ்ட்' என்று பெயராம்.

விடியற்காலை நாலேமுக்காலுக்கு நான் எழுந்தபோது திரையில் சிவப்பு எழுத்து. தேறவில்லை. காபி குடித்துவிட்டு ஆறு மணிக்கு மறுபடி ஓட்டினான். பச்சை.

"பாருங்க தாத்தா, சரியாயிடுச்சு. இது அப்பப்ப இப்படித்தான் பண்ணும்."

"எப்பெப்ப பண்ணுது? குறிச்சு வெச்சிருக்கியாடா?"

பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தான். எல்லாம் நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் நடுவில். ஷார்ட்வேவ் ரேடியோ கேட்டு வளர்ந்தவனுக்கு ஐந்தரை என்றாலே கிரீன்விச்தான். நிரல் கிரீன்விச் நேரத்தில் தேதி போடுகிறது, சோதனை இந்திய நேரத்தில் தேதியை எதிர்பார்க்கிறது. நமக்கு விடியும்வரை அங்கே நேற்று! ஒன்றாம் தேதி அதிகாலை இரண்டு மணிக்குப் போட்ட பில், போன மாதக் கணக்கில் போய் விழும். சோதனை இத்தனை நாளும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. இவர்கள்தான் "மறுபடி ஓட்டு" என்று அதன் வாயை அடைத்திருக்கிறார்கள்.

அவன் விளக்கியதைக் கேட்டபின் எனக்குப் பட்டது இது: ஒரு நேரம் தேறி ஒரு நேரம் தவறும் சோதனைக்குப் பெரும்பாலும் ஏதோ ஒன்று வெளியிலிருந்து கலந்துவிடுகிறது. கணினியின் கடிகாரம் ஒன்று. முந்தைய சோதனை விட்டுப்போன கோப்பு இன்னொன்று. ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக ஒரு காலி அடைவைக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. மொழி அமைப்பு மூன்றாவது. நாங்கள் பள்ளியில் பன்னிரண்டரையை 12,5 என்று 'விர்குல்' போட்டு எழுதினோம். பிரெஞ்சு அமைப்புள்ள கணினியிலும் அப்படியே வரலாம், புள்ளியை எதிர்பார்க்கும் சோதனை தவறிவிடும். நாலாவது, காத்திருப்பது. "இரண்டு விநாடி பொறு" என்று எழுதுகிறார்களாம். பால் பொங்குவதைக் கடிகாரத்தைப் பார்த்தா இறக்குகிறோம்? வேலை முடிந்ததற்கான அடையாளத்தைப் பார்க்க வேண்டும்; குறித்த நேரத்துக்குள் அது வராவிட்டால்தான் தவறு என்று சொல்ல வேண்டும்.

நேரத்தையும் மொழியையும் சோதனையே நிர்ணயித்துக் கொடுத்துவிடலாம். ஆனால் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு. பேரனின் சோதனையில் முதலிலேயே தேதியைக் கட்டிப்போட்டிருந்தால், பில்லில் இருந்த தப்பு தெரியாமலே போயிருக்கும்.

"ஒவ்வொண்ணுக்கும் காரணம் தேட நேரம் எங்க தாத்தா?" என்றான். நியாயமான கேள்விதான். மறுபடி ஓட்டுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. பத்து தடவை ஓட்டினால் எத்தனை தடவை தவறுகிறது என்று தெரியும். அதுவும் ஒரு தடயம். பச்சை வந்ததும் சிவப்பை மறந்துவிடுவதுதான் தப்பு.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்றால், பட்டவன் என்ற யோக்கியதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குடும்ப ஓய்வூதிய நிலுவைப் பட்டியல் போட்டேன். மேலிருந்து கூட்டினால் ஒரு தொகை, கீழிருந்து கூட்டினால் வேறு தொகை. மூன்றாம் தடவை இரண்டும் ஒத்துவந்தது. மணி ஐந்தாகிவிட்டது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு தாள்களில் ஒன்றை விட்டுவிட்டு கூட்டியிருந்தேன் என்பது, அந்த அம்மாள் பல மாதம் கழித்து சீட்டோடு வந்து நின்றபோதுதான் தெரிந்தது. அவர் திட்டவில்லை. "பரவாயில்லீங்க" என்றார். திட்டியிருக்கலாம்.

பேரனிடம் இதைச் சொன்னேன். அன்றே நிரலைத் திருத்திவிட்டு, ஒன்றாம் தேதி விடியற்காலை இரண்டு மணிக்கு என்று புதிதாக ஒரு சோதனையும் எழுதினான்.