லெட்டர்பேடு... ஒருமுறை செய்தால் போதும்!

‘‘உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பழைய கடிதத்தைத் திருத்தியே புதுக் கடிதம் அனுப்புகிறோம். சில நேரம் பழைய தேதியும் பெயரும் அப்படியே போய்விடுகின்றன. கம்ப்யூட்டரிலேயே நிரந்தரமாக லெட்டர்பேடு தயாரிக்க முடியுமா?’’

- வாசகர், ஈரோடு மாவட்டம்.

முடியும். இதற்கு ‘டெம்ப்ளேட்’ என்று பெயர். இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் புதுப் பக்கம் திறந்து, ‘இன்செர்ட்’ மெனு மூலம் ‘ஹெடர்’ பகுதியைச் சேருங்கள். அதில் நிறுவனத்தின் முழுப்பெயர், பதிவு அலுவலக முகவரி, 21 இலக்க சி.ஐ.என், தொலைபேசி எண், மின்னஞ்சல், இருந்தால் இணையதளம் ஆகியவற்றைத் தட்டச்சு செய்யுங்கள். நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 12-ன்படி கடிதத்தாளில் இவை கட்டாயம். தவறினால், நாள் கணக்கில் அபராதம் உண்டு.

தேதி, பெறுநர், விஷயம் ஆகிய இடங்களைக் காலியாக விடுங்கள். பிறகு ‘ஃபைல்’ மெனுவில் ‘டெம்ப்ளேட்ஸ்’, ‘சேவ் அஸ் டெம்ப்ளேட்’ கொடுத்துச் சேமியுங்கள். மைக்ரோசாஃப்ட் வேர்டு என்றால், சேமிக்கும்போது கோப்பு வகையாக ‘வேர்டு டெம்ப்ளேட்’ என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

அடுத்த முறை ‘நியூ’ மூலம் இந்த டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்தால், புதுக் கடிதமாகவே திறக்கும்; மூலப்படி மாறாது. முகவரி மாறினால், முதலில் டெம்ப்ளேட்டைத் திருத்திவிடுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை... தலைவரின் கையெழுத்தையும் முத்திரையையும் ஸ்கேன் செய்து டெம்ப்ளேட்டில் வைக்காதீர்கள். அந்தக் கோப்பு யார் கையில் சிக்கினாலும், நிறுவனத்தின் பெயரில் கடிதம் கொடுத்துவிட முடியும். ஒவ்வொரு கடிதத்தையும் அச்சிட்ட பிறகு, படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவதே பாதுகாப்பு.