மலைமனையும் ஊக்க உரையும்: கேள்வி கேட்டால் ஈமான் குறைந்துவிடுமா?

 

அண்மைக் காலமாக நம் ஊர்த் திருமண மண்டபங்களில் ஒரு புதுவகைக் கூட்டம் நடந்து வருகிறது. அழைப்பிதழில் ‘சுயமுன்னேற்றப் பயிலரங்கம்’ என்றிருக்கும். கிராஅத் ஓதித் தொடங்குவார்கள். மேடையில் பேசுபவர் நல்ல விஷயங்களைத்தான் சொல்வார். ஃபஜ்ருக்கு எழுங்கள், இலக்கை எழுதி வையுங்கள், சோம்பலை விடுங்கள், பிள்ளைகளோடு நேரம் செலவிடுங்கள் என்பார். இவற்றில் எதையும் மறுப்பதற்கில்லை. கூடியிருப்போரும் தலையசைத்துக் கேட்பார்கள்.

பகல் உணவுக்குப் பின் திரையில் காட்சி மாறும். பனி தவழும் மலைச்சரிவு, தேயிலைத் தோட்டம், மரத்தால் ஆன சிறு வீடு. “உங்கள் வளர்ச்சியின் அடுத்த படி இதோ!” என்று அதே குரல் முழங்கும். சென்ட் விலை இவ்வளவு, இன்றே முன்பணம் தருவோருக்கு இவ்வளவு தள்ளுபடி, மூன்றே ஆண்டுகளில் மதிப்பு இரட்டிப்பாகும் என்பார்கள். யாரேனும் ஒருவர் எழுந்து, “பத்திரத்தைப் பார்க்கலாமா?” என்று கேட்டால் புன்னகையோடு ஒரு பதில் வரும்: “சகோதரரே, இதுதான் எதிர்மறை எண்ணம். தவக்குல் வையுங்கள். சந்தேகம் புகுந்த இடத்தில் பரக்கத் தங்காது.”

இந்தப் பதிலைத்தான் நாம் எதிர்க்கிறோம். நிலம் வாங்குவதையோ, முன்னேற விரும்புவதையோ நாம் எதிர்க்கவில்லை. ஊக்கம் என்ற பெயரில் ஒரு முஸ்லிமின் வாயிலிருந்து கேள்வியைப் பறித்து, அதற்கு மார்க்கத்தின் முத்திரையையும் குத்துகிறார்களே, அந்தத் துணிச்சலை எதிர்க்கிறோம்.

நாமறிந்த ஒரு குடும்பத்தின் நிலையைச் சொல்கிறோம். குடும்பத் தலைவர் வளைகுடாவில் பதினேழு ஆண்டுகள் உழைத்தவர். மகளின் திருமணத்திற்கெனச் சேர்த்த பணத்தோடு, மனைவியின் நகைகளை அடகு வைத்துப் பெற்ற தொகையையும் கூட்டி, இத்தகைய கூட்டமொன்றில் பேசப்பட்ட மலைமனைக்குக் கொடுத்தார். கைக்குக் கிடைத்தது பதிவு செய்யப்படாத ஓர் ஒப்பந்தத் தாள் மட்டுமே. பின்னர் விசாரித்தபோது, அது நிலமற்ற ஏழைகளுக்கு அரசு ஒப்படைத்த நிபந்தனைப் பட்டா நிலம் என்றும், விருப்பம்போல் விற்க முடியாதது என்றும் தெரியவந்தது. விற்றவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை.

பணம் போனதைவிட நம்மை உலுக்கியது வேறொன்று. “என் நிய்யத்தில்தான் ஏதோ குறை இருந்திருக்கிறது. நான் முழு நம்பிக்கை வைக்கவில்லை போலும்” என்கிறார் அந்தச் சகோதரர். ஏமாற்றியவன் நிம்மதியாக இருக்கிறான். ஏமாற்றப்பட்டவரோ தம் ஈமானைச் சந்தேகித்துக் கொண்டிருக்கிறார். வென்றால் பயிலரங்கத்தின் பெருமை, தோற்றால் உன் நம்பிக்கையின் குறை என்று கற்பிக்கும் பேச்சு வேறென்ன விளைவைத் தரும்?

இனி மார்க்கம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கண்டார்கள். மேற்பரப்பு நன்றாகத்தான் இருந்தது. அவர்கள் அதோடு நிற்கவில்லை. குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்தார்கள். உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் காரணம் சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள். குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தது எதிர்மறை எண்ணமா? அல்லாஹ்வின் தூதரைவிடத் தவக்குல் மிகுந்தவர்களா நம் மேடைப் பேச்சாளர்கள்?

பரக்கத் பற்றியும் அவர்களே தெளிவுபடுத்தியுள்ளார்கள். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவ்வணிகத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்துப் பொய் சொன்னால் அது அழிக்கப்படும் என்பது நபிமொழியின் கருத்து. ஆக, பரக்கத்தை விரட்டுவது கேள்வியன்று, மறைப்புதான். மேடையில் சொல்லப்படுவது இதற்கு நேர் தலைகீழ்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படியும் சாட்சிகளை ஏற்படுத்தும்படியும் கட்டளையிடும் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282). நம்பிக்கையாளர்களுக்கிடையில்தான் அந்த எழுத்து கோரப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி கிராமவாசிக்குச் சொல்லப்பட்டதையும் நாம் அறிவோம். நிலத்தைப் பொறுத்தவரை கயிறு என்பது ஆவணம். கயிறின்றி ஒட்டகத்தை அவிழ்த்துவிடச் சொல்பவர் தவக்குலைக் கற்பிக்கவில்லை. ஒட்டகத்தை ஓட்டிச் செல்ல வழி செய்துகொள்கிறார்.

மலைநிலத்தில் இந்த எச்சரிக்கை இன்னும் பன்மடங்கு தேவை. சமவெளியில் மனை வாங்கிய அனுபவம் மலையில் உதவாது. தமிழ்நாட்டில் 1990ஆம் ஆண்டில் மலைப்பகுதிகளைக் காப்பதற்கென ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. மக்கள் வழக்கில் அதை ‘ஹாகா’ என்பார்கள். அதன் வரம்பிற்குள் வரும் கிராமங்களில் மனைப்பிரிவுக்கும் கட்டடத்திற்கும் தனி ஒப்புதல் தேவை. மலைப்பகுதியில் மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. தனியார் காடு என வரையறுக்கப்பட்ட நிலத்தை, 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன் அனுமதியின்றி விற்கலாகாது. நீலகிரியில் கட்டடத்தின் உயரத்திற்கே வரம்பு உண்டு. கூடலூர், பந்தலூர் பகுதிகளில் 1969ஆம் ஆண்டு ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்குள் வரும் நிலங்களின் சிக்கல் தலைமுறைகளாகத் தீரவில்லை. அங்கு வாழ்பவர்களே பட்டாவுக்காகக் காத்திருக்கும்போது, வெளியூரிலிருந்து போகும் நமக்கு ஒரே மாதத்தில் பத்திரம் கிடைக்கும் என்பதை எப்படி நம்புவது?

விலங்குகளின் வழியும் இருக்கிறது. நீலகிரியின் சீகூர் பகுதி யானை வழித்தடம் குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் 2011இல் வழங்கிய தீர்ப்பை, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வழித்தடத்தில் எழுந்த விடுதிகள் மூடி முத்திரையிடப்பட்டன. பணம் போட்டவர்களிடம் பத்திரம் இருந்தது. ஆனால் யானைக்கு அதைவிடப் பழைய உரிமை இருந்தது.

இவற்றுள் ஒன்றேனும் அந்தப் பயிலரங்கங்களில் பேசப்படுகிறதா? 2016ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்வதற்கு முன் விளம்பரம் செய்வதே குற்றம். ‘ரெரா’ எண் இல்லாத அழைப்பிதழ் உங்கள் கைக்கு வந்தால், முதல் தவறு அந்தத் தாளிலேயே நிகழ்ந்திருக்கலாம். அதைக் கேட்பதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. வாய் இருந்தால் போதும்.

நம் பணம் மட்டும்தானா இதில் இருக்கிறது? 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணுக்குள் போயின. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல. நம் சமுதாயத்தவரும் பலர். எல்லாச் சரிவுக்கும் மனைப்பிரிவே காரணம் என்று நாம் சொல்லவில்லை. அந்த அதிகாலையின் காரணம் பெருமழை. ஆனால், சரிவை இயந்திரம் கொண்டு செங்குத்தாக வெட்டுவதும், ஓடையை மண் போட்டு மூடுவதும், மரத்தின் வேரைப் பெயர்ப்பதும் மழையின் கைக்கு ஆயுதம் கொடுப்பதாகும். மேலே நம் ‘கனவு இல்லம்’ எழும். கீழே லயத்து வீட்டில் ஒரு தாய் தன் பிள்ளைகளோடு உறங்குவாள். அண்டை வீட்டாருக்கு நம்மால் தீங்கு நேரக்கூடாது என்பது நம் மார்க்கத்தில் சிறிய விஷயமா? ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாலையாக மாட்டப்படும் என்ற எச்சரிக்கை, ஓடைப் புறம்போக்கை வளைத்து மனையாக்குபவருக்கும், தெரிந்தே அதை வாங்குபவருக்கும் பொருந்தாதா?

சிலர் நம்மிடம் கேட்கலாம்: “பிள்ளைகளின் எதிர்காலத்திற்காகத்தானே வாங்குகிறோம்? நிலம் வாங்குவது ஹராமா?” இல்லவே இல்லை. நபி (ஸல்) அவர்களே நிலம் வாங்கியிருக்கிறார்கள். மதீனாவில் பள்ளிவாசல் எழுந்த இடம் அநாதைச் சிறுவர் இருவருக்குச் சொந்தமானது. இலவசமாகவே தருவதாக அவர்கள் சொன்ன போதும் நபியவர்கள் ஏற்கவில்லை. விலை கொடுத்தே வாங்கினார்கள். உரிமையாளர் யார் என்பது தெளிவாக இருந்தது. விலையும் முழுமையாகத் தரப்பட்டது. எளியவரின் உரிமை காக்கப்பட்டது. அப்படி வாங்க முடிந்தால் தாராளமாக வாங்குங்கள். துஆச் செய்கிறோம்.

ஆனால் கணக்கை முழுமையாகப் போடுங்கள். விலை ஏறியதும் விற்பதற்கென்றே வாங்கிய மனை வணிகப் பொருளாகும். ஷாஃபி, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளின்படியும் அதன் அன்றைய மதிப்பில் ஆண்டுதோறும் இரண்டரை சதவீதம் ஜகாத் கடமையாகும். மேடையில் இரட்டிப்பு லாபம் பேசியவர் இதைச் சொன்னாரா? முன்பணத்திற்காக நகையை வட்டிக்கு அடகு வைக்கும்போது, அல்லாஹ்வும் அவன் தூதரும் போர் அறிவித்த ஒன்றைத் தொட்டுக்கொண்டு ‘வளர்ச்சி’யைத் தொடங்குகிறோம் என்பதை யாரேனும் நினைவூட்டினார்களா? அந்த நகை யாருடையது? மஹராகப் பெற்றதும், தாய்வீட்டுச் சீராக வந்ததும் மனைவியின் சொத்து. அவளுடைய மனமொப்பிய சம்மதமின்றி அதைத் தொடும் உரிமை கணவனுக்கு இல்லை. நகையைக் கொடுத்தவள் ஒருத்தி, பத்திரத்தில் பெயர் இன்னொருவருக்கு என்பதும் நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்டது.

இதில் நம் குற்றமும் உண்டு; அதை மறைக்கலாகாது. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வருபவரிடம் நாம் முதலில் கேட்பது என்ன? “எத்தனை சென்ட் வாங்கியிருக்கிறாய்? வீடு எப்போது கட்டப் போகிறாய்?” அவர் தொழுகை எப்படி இருக்கிறது, உடல்நலம் எப்படி, பெற்றோரின் மனம் குளிர்ந்திருக்கிறதா என்றா கேட்கிறோம்? சென்ட் கணக்கில் மனிதரை எடைபோடும் ஊரில், சென்ட் விற்பவன் சீர்திருத்தவாதியாகத் தோன்றுவதில் என்ன வியப்பு? ஒருவரையொருவர் மிஞ்சும் ஆசை கப்றைச் சந்திக்கும்வரை மனிதரைப் பராக்காக்கிவிடும் என்று எச்சரிக்கும் அத்தகாஸுர் அத்தியாயத்தைத் தொழுகையில் ஓதிவிட்டு, வெளியே வந்ததும் அதே போட்டியை நாமே நடத்துகிறோம்.

அப்படியானால் உண்மையான சுயமுன்னேற்றம் எது? கூட்டத்தின் ஆரவாரத்திற்கு நடுவே, “நான் யோசித்துச் சொல்கிறேன்” என்று எழுந்து வரும் திடம் அதில் முதலாவது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு தெரிந்தவரிடம் கேட்கும் பணிவு அடுத்தது. மனைவியையும் பெரியவர்களையும் கலந்து முடிவெடுக்கும் மஷூராவும், கடனின்றி உறங்கும் இரவும் அதனினும் மேலானவை. கடனோடு இறந்தவருக்கு, அக்கடனை அபூகதாதா (ரலி) பொறுப்பேற்ற பிறகே நபி (ஸல்) அவர்கள் ஜனாஸா தொழுகை நடத்தினார்கள் என்பதை மறந்துவிடலாகாது.

எனவே குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டம் நடக்கும் நாளில் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். தாய்ப் பத்திரம், பட்டா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு ஒப்புதல், மலைப்பகுதி அனுமதி, ரெரா எண் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். பட்டாவையும் வில்லங்க விவரத்தையும் அரசு இணையத்தளங்களில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். உங்கள் மகனோ மகளோ பத்து நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள். பிறகு அந்த ஊர்க் கிராம நிர்வாக அலுவலரையும், விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு வழக்கறிஞரையும் கேளுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை அந்தச் சரிவில் நின்று தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று கண்ணால் பாருங்கள். இவ்வளவும் செய்த பின் இஸ்திகாரா தொழுங்கள். இவற்றைச் செய்யாமலிருக்க இஸ்திகாராவைச் சாக்காக்காதீர்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையையும் நம் மண்டபங்களையும் மனை விற்பவருக்குத் திறந்துவிடுமுன் மேற்சொன்ன ஆவணங்களை நீங்களே கேளுங்கள். உங்கள் மண்டபத்தில் நடந்தது என்பதாலேயே மக்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை ஓர் அமானிதம்.

கேள்வி கேட்கும் வாடிக்கையாளரைக் கண்டு நேர்மையான வணிகர் அஞ்சமாட்டார். அஞ்சுபவர் யாரென்று அந்த ஒரு கேள்வியே காட்டிவிடும். நம் சகோதரரின் நிய்யத்தில் குறையில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் அவரைக் கேட்கவிடவில்லை, அவ்வளவுதான். அவருடைய பொருளை அல்லாஹ் அவருக்கு மீட்டுத் தருவானாக. ஹலாலான வழியில் தேடி, தெளிவோடு வாங்கி, பிறருக்குத் தீங்கின்றி வாழும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.