வெயிலும் வியாதியும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை அடுத்த வீட்டு அம்மாள் கையில் ஒரு காகிதத்துடன் வந்தார். போன வருஷம் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டு, ரண சிகிச்சை நடந்தது. தெய்வாதீனமாக உடம்பு தேறியிருக்கிறது. நோய் மீண்டும் தலைகாட்டாதிருக்க டாக்டர் கொடுத்த மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிட்டு வருகிறார்.

"அண்ணா! என் ரத்தத்தில் வைட்டமின் 'டி' 11 தான் இருக்கிறதாம். அது குறைந்தவர்களுக்கு வியாதி திரும்பி வருமென்று எங்கேயோ படித்தேன். நான் வெயிலில் நடமாடாமல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்ததனால்தான் இது வந்ததா? இனி மறுபடியும் வருமா? டாக்டர் கொடுத்த மாத்திரையினால் மூட்டெல்லாம் வலிக்கிறது. அதை விட்டுவிட்டு இந்த வைட்டமினையே இரண்டு மடங்காகச் சாப்பிட்டால் என்ன?" என்றார்.

கேள்விகள் மூன்று. முதல் கேள்வியில் பச்சாத்தாபம், இரண்டாவதில் பயம், மூன்றாவதில் அபாயம். நான் வைத்தியனல்ல. ஆனாலும் இந்த விஷயத்தில் நடந்திருக்கும் ஆராய்ச்சிகளைக் கொஞ்சம் படித்திருக்கிறேன். அவருக்குச் சொன்னதையே நேயர்களுக்கும் சொல்லுகிறேன்.

வைட்டமின் 'டி' என்பது ஒரு விசித்திரமான ஜீவசத்து. 1922-ல் அமெரிக்க சாஸ்திரி மக்காலமும் அவருடைய சகாக்களும், குழந்தைகளின் எலும்பு வளைந்து போகும் ரிக்கெட்ஸ் வியாதியைத் தீர்க்கக்கூடிய சத்து மீனெண்ணெயில் தனியாக இருக்கிறதென்று கண்டார்கள். ஏ, பி, சி என்னும் எழுத்துக்கள் ஏற்கெனவே செலவாகிவிட்டபடியால் இதற்கு 'டி' என்று நாமகரணம் ஆயிற்று. மற்ற ஜீவசத்துக்களைப் பெரும்பாலும் ஆகாரத்திலிருந்தே பெறுகிறோம். இதையோ, வெயில் பட்டால் நம் தோலே தயாரித்துவிடுகிறது. பிறகு அது கல்லீரலில் ஒரு மாறுதலும் சிறுநீரகத்தில் மற்றொரு மாறுதலும் அடைந்து வேலைக்குத் தகுதியாகிறது.

எலும்பைக் காப்பது மட்டுமே இதன் உத்தியோகமென்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். பின்னால், மார்பகத்திலுள்ள உயிரணுக்களிலும் இந்தச் சத்தை ஏற்றுக்கொள்ளும் அமைப்பு உண்டென்று தெரிந்தது. பரிசோதனைச் சாலையில் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்கப்பட்ட புற்றுநோய் உயிரணுக்கள் இதன் முன்னிலையில் பெருகுவதை மட்டுப்படுத்திக் கொண்டன. கிண்ணத்தில் நடப்பது சரீரத்திலும் நடக்குமா? அதுதான் கேள்வி.

கானடா தேசத்து டொரான்டோ நகரில் டாக்டர் பமீலா குட்வின் என்னும் அம்மையார் இதை ஆராய்ந்தார். 1989 முதல் 1996 வரையில் மார்பகப் புற்றுநோய் கண்ட 512 பெண்களின் ரத்தத்தைச் சேமித்து வைத்து, சராசரி சுமார் 12 வருஷ காலம் அவர்களுடைய க்ஷேமத்தைக் கவனித்து வந்தார்கள். ஒரு லிட்டர் ரத்தத்தில் 50 நானோமோலுக்குக் குறைந்தால் பற்றாக்குறை என்று வைத்துக் கொண்டார்கள். நம் ஊர்ச் சோதனைச் சீட்டுக் கணக்கில் இது மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம். போதிய அளவு உள்ளவர்களைவிடப் பற்றாக்குறை உள்ளவர்களுக்கு நோய் தூர உறுப்புக்களுக்குப் பரவும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகவும், மரண அபாயம் நூற்றுக்கு எழுபது பங்குக்குச் சற்று மேல் அதிகமாகவும் இருந்தன. 2008-ல் இச்செய்தி வெளியானதும் உலகமெங்கும் பரபரப்பு உண்டாயிற்று. அடுத்த வீட்டு அம்மாளைப் பயமுறுத்தியது இந்தச் செய்தியின் வால்தான்.

ஆனால் செய்தியின் தலையையும் பார்க்க வேண்டாமா? பற்றாக்குறை உள்ளவர்களில் ஸ்தூல சரீரம் உடையவர்கள் அதிகம். கட்டியின் சுபாவமும் பலருக்கு மூர்க்கமாக இருந்தது. இந்த வேற்றுமைகளைக் கணக்கில் சேர்த்தபோது அபாயத்தின் அளவு குறைந்தது. உடல் பருத்தவர்களின் ரத்தத்தில் இச்சத்து குறைவாகவே காணப்படும். பருமனோ தன்னளவிலேயே இந்த வியாதிக்கு உகந்ததல்ல. நோயால் நலிந்தவர் வெயிலில் நடமாடுவதும் குறைவு. ஆகவே சத்துக் குறைவினால் நோய் முற்றியதா, நோய் முற்றியதனால் சத்துக் குறைந்ததா என்று பிரித்தறிவது எளிதல்ல. சேவல் கூவுகிறது, பொழுது விடிகிறது. அதற்காகச் சேவல்தான் சூரியனை அழைத்து வந்தது என்று சொல்லலாமா?

பின்வந்த ஆராய்ச்சிகளும் ஒரே குரலில் பேசவில்லை. 2015-ல் டாக்டர் குட்வினும் சகாக்களும் வேறு நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் பார்த்தபோது அந்தத் தொடர்பு தென்படவில்லை. 2017-ல் கலிபோர்னியாவில் 1,666 பெண்களிடம் பார்த்ததிலோ, சத்து அதிகம் உள்ளவர்கள் அதிக காலம் ஜீவித்திருந்தார்கள்.

சந்தேகம் தீர வழி ஒன்றே: பாதிப் பேருக்கு வைட்டமின், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை என்று சீட்டுக் குலுக்கிக் கொடுத்துப் பார்ப்பது. அமெரிக்காவில் 25,871 ஆண் பெண்களிடம் அப்படிச் செய்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். தினம் 2,000 யூனிட் வீதம் ஐந்து வருஷத்துக்கு மேல் சாப்பிட்டும் புற்றுநோய் வருவது குறையவில்லை. மார்பகப் புற்றுநோயும் குறையவில்லை. முற்றிய புற்றுநோயும் அதனால் மரணமும் சற்றுக் குறைந்ததாகப் பின்னர் 2020-ல் ஒரு கணக்கு வந்தது. அந்தப் பலனும் பருமனில்லாதவர்களிடமே தெளிவாகத் தெரிந்தது. அவர்களோ சோதனை ஆரம்பித்தபோது புற்றுநோய் இல்லாதவர்கள். நோய் கண்டவர்களுக்கு இது அப்படியே பொருந்துமென்று சொல்வதற்கில்லை.

இனி மூன்று விடைகள்.

வெயிலில் போகாததனால் வியாதி வந்ததா? அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது. வியாதியின் வேதனை போதாதா? அதற்குமேல் குற்றவாளிக் கூண்டிலும் ஏறி நிற்பானேன்?

சத்துக் குறைவு, நோய் திரும்புமென்பதற்கு அறிகுறியா? சிலருடைய கணக்கில் இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன. ஒருவருடைய சீட்டிலுள்ள 11 என்னும் எண் அவருடைய ஜாதகமல்ல. ஆனாலும் குறையை நிரப்பத்தான் வேண்டும், எலும்புக்காக. அந்த அம்மாள் சாப்பிடும் மாத்திரை சரீரத்தில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைத் தடுப்பது. அதனால் எலும்பு பலம் குறையும். ஆகையால் டாக்டர்கள் கால்ஷியமும் வைட்டமின் 'டி'யும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம்.

மாத்திரையை விட்டு வைட்டமினை இரட்டிப்பாக்கலாமா? கூடவே கூடாது. நோய் திரும்புவதை அந்த மாத்திரை தடுக்கிறதென்பது பல்லாயிரம் பெண்களிடம் ருசுவான விஷயம். மூட்டுவலியை டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றவும் வழியுண்டு. வைட்டமினோ மிஞ்சினால் ரத்தத்தில் கால்ஷியம் ஏறி, வாந்தி, தாகம், மயக்கம், சிறுநீரகக் கேடு எல்லாம் வரும். நம் கடைகளில் 60,000 யூனிட் கொண்ட பொட்டலங்கள் விற்கின்றன. வழக்கமாக வாரத்துக்கு ஒன்றென்று கொடுக்கும் அதைத் தவறுதலாகத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. புற்றுநோய் எலும்பில் பரவினாலும் கால்ஷியம் ஏறும். ஆகையால் எவ்வளவு, எத்தனை நாள் என்பதைச் சிகிச்சை செய்யும் டாக்டரே நிர்ணயிக்க வேண்டும்.

அம்மாள் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்படியானால் என்மேல் குற்றமில்லை என்கிறீர்களா, அண்ணா?" என்று மட்டும் கேட்டார். இல்லையென்றேன். காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக் கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை மாடியில் அவர் தலை தெரிந்தது. "வைட்டமினுக்காகவா, அம்மா?" என்று கேட்டேன்.

"இல்லை, அண்ணா, வடாம் பிழிய வந்தேன். வலியைப்பற்றி டாக்டரிடம் நாளைக்குக் கேட்கப் போகிறேன்" என்றார்.