பின்கட்டு விளக்கைக் கொஞ்சம் அணையுங்களேன்



வென்ட்வேர்த்வில்லில் ஜூலை மாதத்துக்கு என்று ஒரு சௌகரியம் உண்டு. மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும்; ஆறரைக்கெல்லாம் நல்ல இருட்டு. கோடையில் இதே இருட்டுக்கு ஒன்பது மணியைத் தாண்டிக் காத்திருக்க வேண்டும். அதற்குள் பிள்ளைகள் தூங்கிப்போவார்கள். குடும்பமாக வானம் பார்க்க குளிர்காலம்தான் தோது. ஸ்வெட்டர் முக்கியம்!

நம் பேட்டையிலிருந்து பால்வெளியைப் பார்த்துவிடலாம் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். சிட்னியின் வெளிச்சம் அதை விழுங்கிவிட்டது. ஆனால் தென்சிலுவை தெரியும். ஊரில் தெற்கே சாய்ந்து நின்ற கேட்டை நட்சத்திரம் இங்கே ஜூலை இரவில் ஒன்பது மணிவாக்கில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும். அம்மா, அப்பா விசிட்டர் விசாவில் வந்திருந்தால் காட்டிப் பாருங்கள்.

பின்கட்டில் நின்று பெரிதாக என்ன பார்த்துவிட முடியும் என்கிறீர்களா? வின்ட்சரில் ஜான் டெப்பட் என்று ஒருவர் இருந்தார். தானாகவே வானியல் கற்றவர். 1861 மே மாதம், கப்பல்காரர்கள் வைத்திருக்கும் சாதாரணத் தொலைநோக்கியில் ஒரு வால்வெள்ளியைக் கண்டுபிடித்தார். அந்த நூற்றாண்டின் பெரிய வால்வெள்ளிகளில் அதுவும் ஒன்று. அடுத்த ஆண்டு அரசாங்க வானியலாளர் வேலை தேடி வந்தது. வேண்டாம் என்றுவிட்டு, 1863ல் குடும்ப நிலத்திலேயே ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டார். 1984ல் வெளியான நூறு டாலர் நோட்டில் அவர் முகம் இருந்தது.

டெப்பட்டுக்கு நம்மைவிட ஒரு வசதி கூடுதல். பக்கத்து வீட்டு சென்சார் விளக்கு கிடையாது.

டெலஸ்கோப்போடு இருட்டில் கொஞ்சநேரம் சும்மா நின்றவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். வேலி மேல் போஸம் நடக்கும். பக்கத்தில் யூகலிப்டஸ் மரம் இருந்தால், ஒடிந்த கிளை போலவே ஃப்ராக்மவுத் பறவை உட்கார்ந்திருக்கும். வானத்துக்கென்று வாங்கிய டிரைபாட், பொறுமை, ஃபிளாஷ் போடாத பழக்கம் எல்லாம் இவற்றைப் படமெடுக்கவும் உதவும். ஃப்ராக்மவுத் ஆடாமல் அசையாமல் இருப்பதால் அரை செகண்ட் எக்ஸ்போஷரில்கூடச் சிக்கும். போஸம் அப்படியில்லை, இரண்டு செகண்ட் வைத்தால் புகைதான் மிஞ்சும். ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள், படம் கொஞ்சம் புள்ளிபுள்ளியாக வந்தால் வரட்டும். ஃபோன் என்றால் டைமர் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

டார்ச் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொள்வது வானம் பார்ப்பவர்களின் பழைய வழக்கம். நம் கண் இருட்டுக்குப் பழகவே இருபது, முப்பது நிமிடம் ஆகும். வெள்ளை வெளிச்சம் பட்டால் அத்தனையும் வீண். இரவிலேயே வாழும் பிராணியின் கண் என்ன பாடுபடும்?

வெளிச்சம் போதாத நாளில் சுலபமான படமும் உண்டு. பரமட்டா பூங்காவின் ஆற்றோர மரங்களில் தங்கும் பழந்தின்னி வௌவால்கள் அந்தி சாய்ந்ததும் கூட்டமாகக் கிளம்பும். மேற்கே செம்மை மிச்சமிருக்கும்போது கேமராவை உயர்த்தினால் சிறகின் வடிவம் கறுப்பாக, துல்லியமாக விழும். கொடியில் காயும் வெள்ளைச் சட்டையை மட்டும் முன்னதாகவே உள்ளே எடுத்துவிடுங்கள், அனுபவப்பட்டவர்களுக்குப் புரியும். கீழே விழுந்து கிடக்கும் வௌவாலைத் தொடவே வேண்டாம். அவற்றில் சில, ரேபிஸ் வகையைச் சேர்ந்த லிஸ்ஸா வைரஸைச் சுமக்கும். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு வனவிலங்குகளை மீட்கும் ‘வயர்ஸ்’ அமைப்பைக் கூப்பிடுங்கள்.

வாழைப்பழமும் ரொட்டியும் வைத்து போஸத்தை வரவழைப்பதும் சரியில்லை. அதன் வயிற்றுக்கு இலையும் பூவும்தான் ஒத்துக்கொள்ளும். ரோஜா மொட்டைத் தின்கிறதே என்று கோபம் வருவது நியாயம்தான். செடிக்கு வலை போட்டால் போதுமே.

விளக்கு இல்லாவிட்டால் பயம் என்று வீட்டில் சொல்வார்கள். யாரும் இரவு முழுக்க அணைக்கச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம். முடிந்தால் வெள்ளை பல்பை மாற்றி, கீழ்நோக்கி மட்டும் விழும் மஞ்சள் பல்பு போடுங்கள். பூச்சியும் குறையும்.

எடுத்த படங்களை எங்களுக்கு அனுப்புங்கள். நட்சத்திரமோ போஸமோ, நல்லதை அடுத்த இதழில் போடுவோம். ஃபிளாஷ் அடித்து எடுத்த படத்தைப் போட மாட்டோம், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்